சாவு வீட்டுக்குப் போன சீட்டுக்கட்டு

1

சைகோனில் இப்போது மழைக்காலம். மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மழை வந்துவிடுகிறது. துணிக்கடையில் மழை நேரத்தில் இரண்டே வேலைதான் உண்டு. மடித்து வைத்ததைப் பிரித்து மறுபடி மடிக்கலாம், இல்லாவிட்டால் ஊரை நினைக்கலாம். மடிக்கிற துணி எப்படியும் தீர்ந்துபோகிறது.

ஊரில் உள்ளவர்களுக்கு இந்த ஊரைப் பற்றி எழுதுங்கள் என்று மதுரையிலிருந்து ஒரு நண்பர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆற்றுப் படகு, பிரெஞ்சுக்காரர்களின் அகலமான சாலைகள், சீனர்களின் சோற்றுக் கடைகள் என்று எதையாவது எழுதியிருக்கலாம். அதற்கெல்லாம் மனசு வரவில்லை. நாளைக் காலையில் நான் ஒரு ஆபீசுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. தலைக்குள் அது ஒன்றுதான் ஓடுகிறது, அதையே எழுதுகிறேன்.

நான் கோச்சடைக்காரன். வீட்டில் மூன்றாவது பிள்ளை. இருந்த வயல் முதல் இருவருக்கே போதாது என்று ஆன பிறகு மதுரை டவுனில் ராவுத்தர் ஒருவரின் ஜவுளிக் கடையில் சேர்ந்தேன். அவர் சைகோனில் ஒரு கடை வைத்தபோது என்னையும் கப்பல் ஏற்றிக் கூட்டி வந்தார். பிறகு பக்கத்து ஊர்ப் பெண்ணைக் கட்டி இங்கேயே குடித்தனம் வைத்தேன். மகள் பவளம் இங்கேதான் பிறந்தாள். அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது அவள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பவளத்துக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது அவளைக் கோச்சடையில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அதற்கப்புறம் இந்த வீட்டில் நானும் மழையும்தான்.

வெளியூர் ஆட்கள் எல்லோரும் இங்கே வருடத்துக்கொரு முறை குடியேற்ற ஆபீசுக்குப் போய் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று நானும் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். அவர்களும் விடாமல் விரலைப் பிடித்து மையில் அமுக்குகிறார்கள். இந்த முறை போனபோது அங்கே இருக்கும் குமாஸ்தா, புதுச்சேரித் தமிழர், பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டவர், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகள் எங்கே என்று கேட்டார். ஊரில் என்றேன். இத்தனை காலம் வெளியே இருந்தால் அட்டையிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட வேண்டும், திரும்பி வருகிறாள் என்றால் மாத்திரம் தவணை தரலாம், மழை முடிவதற்குள் வந்து ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். பெயரை எடுத்துவிட்டால் பிறகு சேர்ப்பது லேசில் ஆகாது என்றும் சொன்னார்.

அன்றைக்கே பவளத்துக்கு எழுதிப் போட்டேன். இங்கே வர உனக்கு இஷ்டமா என்று கேட்டிருந்தேன். நேற்று பதில் வந்தது. "நீங்க சொன்னா வாரேன் அப்பா" என்று எழுதியிருந்தாள்.

கடையில் நின்றபடியே படித்தேன். ராவுத்தரிடம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். "அல்லா கண்ணத் தொறந்துட்டான் தம்பி, கூப்புடுங்க" என்றார். வருகிற வழியில் ஒரு கோக்கோ டப்பா வாங்கினேன். என் வீட்டில் இப்போது கோக்கோ குடிக்கிறவர் யாரும் இல்லை. ஆனாலும் வாங்கினேன்.

2

அந்தக் கோக்கோ டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிரான்சிலிருந்து வரும் ஒரு வகைக் கோக்கோப் பொடி. டப்பாவைத் திறந்தால் மெழுகுத் தாளில் சுற்றி ஒரு சீட்டு இருக்கும். நாம் ஆடுகிற சீட்டுதான். ஆனால் ராஜா, ராணி, ஜாக்கிக்குப் பதிலாகப் பிரெஞ்சுக்காரர்களின் பழைய கதைகளிலும் நாடகங்களிலும் வருகிற ஆட்களை வர்ணத்தில் போட்டிருப்பான். ஏழு, எட்டு, ஒன்பது, பத்துச் சீட்டுகளில்கூட அந்தக் கதைகளில் நடக்கிற காரியங்கள் சின்னச் சின்னப் படமாக இருக்கும். ஒரு டப்பாவுக்கு ஒரு சீட்டு. எது வரும் என்று யாருக்கும் தெரியாது. முழுக்கட்டும் சேர வேண்டுமென்றால் கோக்கோவிலேயே குளிக்க வேண்டியதுதான். வியாபாரம் பண்ணத் தெரிந்தவர்கள்.

பவளம் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. வகுப்பில் அந்தக் கதைகளைத்தான் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்களாம். ஆகவே டீச்சர்களும் கண்டுகொள்ளவில்லை. ஒரே சீட்டு இரண்டு வந்தால் மாற்றிக்கொள்வார்கள். பவளம் இதில் கெட்டிக்காரி. ஒரு ஆஸ் கொடுத்து இரண்டு ராணி வாங்கி வருவாள். சீக்கிரம் சேரட்டும் என்று ராவுத்தரும் கோக்கோ குடிக்க ஆரம்பித்தார். மதுரையில் மூன்று வேளையும் பாலும் டீயுமாக வளர்ந்த மனுஷர், அந்தக் கறுப்புத் தண்ணீரைக் கஷாயம் குடிக்கிற முகத்தோடு குடித்துவிட்டு, டப்பாவுக்குள் விரலை விட்டுச் சீட்டைத் தேடி எடுத்துக் கொடுப்பார். தொழுகையாளி. சீட்டு ஆடுவது ஆகாது என்பார். இது ஆட்டச் சீட்டு இல்லை, பிள்ளைக்குப் பாடம் என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

மொத்தக் கட்டும் சேர்ந்த பிறகுதான் ஒரு சங்கதி எனக்குப் புலப்பட்டது. பிரெஞ்சுக்காரன் கட்டில் ஏழிலிருந்துதான் சீட்டு ஆரம்பிக்கிறது. இரண்டு, மூன்று, நாலெல்லாம் கிடையாது. நம் ஊரில் முன்னூற்று நாலு ஆடும்போது இந்தச் சின்னச் சீட்டுகளைத்தானே எடுத்து ஓரமாக வைப்போம்? இங்கே எடுக்கவே வேண்டியதில்லை. அப்படியே நம் ஆட்டத்துக்குச் செய்து அனுப்பிய கட்டு. அன்று சாயங்காலமே பவளத்துக்கு முன்னூற்று நாலு சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பேராக ஆடுகிற ஆட்டமும் அதில் உண்டு.

இதில் ஜாக்கிதான் பெரிய சீட்டு, ராஜாவை அடிக்கும் என்றதும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கட்டில் ஜாக்கிகள் எல்லாம் வேலைக்காரர்கள். கோடு போட்ட சட்டையும் குறும்புச் சிரிப்புமாக நிற்பார்கள். வேலைக்காரன் எப்படி ராஜாவை அடிப்பான் என்றாள். மதுரையில் அடிப்பான் என்றேன். பிறகு கதையிலும் வேலைக்காரன்தான் எசமானை ஏமாற்றிக் காரியத்தை முடிக்கிறான், அதனால் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கடை அடைத்து வந்ததும் தினமும் ஆட்டம். ராவுத்தரும் வந்து உட்காருவார். சீட்டைத் தொட மாட்டார். ஆனால் எதை இறக்க வேண்டும் என்று பவளத்துக்குக் கண்ணாலேயே காட்டிக்கொடுப்பார். ஒவ்வொரு சீட்டை இறக்கும்போதும் அந்த ஆளின் கதையைப் பவளம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஆட்டத்தின் சட்டம். பணப்பெட்டியைக் கட்டிப் பிடித்திருக்கும் கஞ்சக் கிழவர், இறகுத் தொப்பி வைத்த கத்திக்காரன், வைத்தியமே தெரியாத வைத்தியர், கடிதத்தை வைத்துக்கொண்டு அழுகிற பெண். பிரெஞ்சுப் பெயர்கள் எனக்கும் ராவுத்தருக்கும் நாக்கில் புரளாது. நாங்கள் வைத்த பெயர்கள்தான் இவை.

கதையைத் தமிழில் ஆரம்பிப்பாள். பாதியில் பிரெஞ்சில் போய்விடுவாள். அவளுக்கே தெரியாது. கதை சூடு பிடிக்கிற இடம் வந்தால் தமிழ் நின்றுபோகும். நானும் ராவுத்தரும் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்போம், உச்சுக்கொட்ட வேண்டிய இடத்தில் உச்சுக்கொட்டுவோம். எந்தக் கதைக்கும் முடிவு எங்களுக்குத் தெரியாது. தூக்கத்திலும் அவள் பிரெஞ்சில்தான் பேசினாள். ஒரு முறை காய்ச்சலில் படுத்திருந்தபோது ஏதோ கேட்டுக் கேட்டு அழுதாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன், போர்வையைப் போர்த்தினேன், விசிறினேன். அவள் கேட்டது இவை எதுவும் இல்லை. விடிந்து காய்ச்சல் இறங்கிய பிறகு என்னம்மா கேட்டாய் என்றேன். அவளுக்கு ஞாபகம் இல்லை.

அன்றைக்குத்தான் இவளை ஊரில் கொண்டுபோய் விடுவது என்று முடிவு செய்தேன்.

3

கப்பலில் புதுச்சேரி வந்து இறங்கினோம். அங்கிருந்து ரயில் ஏறினால் இங்கிலீஷ்காரன் எல்லையில் சுங்கச் சோதனை. என் பெட்டியில் இருந்த பட்டுத் துணியையும் செண்டுப் புட்டியையும் விட்டுவிட்டு அதிகாரி பவளத்தின் கோக்கோ டப்பாவைப் பிடித்துக்கொண்டார். சீட்டுக்கட்டுக்கு வரி உண்டு என்றார். இது சீட்டுக்கட்டு இல்லை, பாடம் என்று ராவுத்தரின் தீர்ப்பை நான் எடுத்து விட்டேன். பாடமென்றால் சொல்லட்டும் என்றார். பவளம் நின்ற இடத்திலேயே வைத்தியம் தெரியாத வைத்தியரின் கதையை ஆரம்பித்தாள். முழுக்கப் பிரெஞ்சு. அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, வேர்த்துப்போய், டப்பாவை மூடிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கோச்சடையில் என் தங்கை பேச்சி வீடு. வைகைக் கரையிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு எருமை, ஒரு பசு, ஒரு கன்று. அவள் புருஷன் வேலு நல்ல மனுஷன். சத்தமாகச் சிரிப்பான், சத்தமாகப் பேசுவான், எதையும் கேட்காமல் எடுப்பான், கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பான். பிள்ளை இல்லாத வீடு.

பவளத்துக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. நான் அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சாப்பாடு போட்டால் நன்றி என்பாள். "வீட்டு ஆளுக்கு யாராச்சும் நன்றி சொல்லுவாகளா?" என்று பேச்சி சிரிப்பாள். பவளத்துக்கு முகம் சிவந்துவிடும். தெருப் பெண்கள் வந்து சுற்றி நின்று, பிரெஞ்சு பேசு பார்ப்போம் என்பார்கள். அவள் வாயைத் திறக்க மாட்டாள். ராத்திரி படுக்கும்போது டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். பேச்சி அவளோடு ஒட்டப் பார்த்தாள். தலை வாரிப் பின்னிவிட்டாள், திருப்பரங்குன்றத்துக்குக் கூட்டிப் போய் வளையல் வாங்கிப் போட்டாள். பவளம் எல்லாவற்றுக்கும் மரியாதையாக இருந்தாள். விருந்தாளியின் மரியாதை.

நான் திரும்பிப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவள் பிறந்த சீட்டைக் கேட்டார்கள். அது பிரெஞ்சில் இருந்தது. அதை இங்கிலீஷில் எழுதி முத்திரை வாங்கி வரச் சொன்னார்கள். மதுரைத் தல்லாகுளத்தில் ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு விரட்டினார்கள். குழந்தை இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம், பிறந்துதானே இருக்க வேண்டும் என்று ஒரு குமாஸ்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். காகிதத்தில் பிறக்க வேண்டும் ஐயா என்றார். சைகோனில் விரலை மையில் அமுக்குகிறவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரே குருதான் போலிருக்கிறது.

அப்படி நான் தல்லாகுளத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு நாள்தான் அது நடந்தது.

4

அன்று காலையில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். வயதாகி, பேரன் பேத்தி எடுத்து, நிறைந்து போன சாவு. வெளியூரிலிருந்து மகன் வர வேண்டும். அதுவரை வாசலில் பந்தல் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நம் பக்கத்தில் அப்படி உட்காரும்போது என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீட்டுதான். அதிலும் முன்னூற்று நாலு.

சாவு என்பதால் தெருக்கடை சாத்தியிருந்தது. பந்தலில் இருந்த பழைய கட்டில் இரண்டு சீட்டைக் காணவில்லை. நம்ம வீட்டில் ஒன்று இருக்கிறது என்று வேலு எழுந்து வந்திருக்கிறான். பேச்சியும் பவளமும் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். குளிக்காமல் உள்ளே நுழையக்கூடாது என்பதையும் ஆட்ட அவசரத்தில் மறந்து, தலைமாட்டில் இருந்த டப்பாவைத் திறந்து கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். படம் வேறு மாதிரி இருந்தால் என்ன, மூலையில் புள்ளியும் எண்ணும் இருக்கிறதே, ஆட்டம் ஓடும் என்று நினைத்திருக்கிறான். அவன் நினைத்ததும் சரிதான். ஆட்டம் நன்றாகவே ஓடியிருக்கிறது.

பவளம் ஆற்றிலிருந்து வந்து வெறும் டப்பாவைப் பார்த்திருக்கிறாள். யாரிடமும் கேட்கவில்லையாம். சத்தம் வந்த திசையைப் பார்த்து நடந்து, பெண் பிள்ளைகள் போகாத அந்தப் பந்தலுக்குள் நுழைந்து, ஆடிக்கொண்டிருந்த ஒவ்வொருவர் முன்னாலும் கையை நீட்டியிருக்கிறாள். முதலில் சிரித்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் தோற்றவன் காதில் ஒரு சீட்டை மடித்து மாட்டிவிடுவது வழக்கம். ஆட்டத்தில் மதிப்பில்லாத ஏழாம் சீட்டைத்தான் அதற்கு எடுப்பார்கள். தோற்றுப்போன ஒரு கிழவர் காதில் அது தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் அவளே கழற்றி எடுத்திருக்கிறாள். இதையெல்லாம் வேலு பிறகு என்னிடம் சொன்னான். அவன் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. வேலு சிரிக்காமல் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் தல்லாகுளத்திலிருந்து வந்து சேர்ந்தபோது பவளம் மாட்டுக் கொட்டில் பக்கத்தில் நின்றாள். பாவாடையை மடித்துப் பிடித்திருந்தாள், உள்ளே சீட்டுகள். வாசலில் பேச்சி. சுற்றிலும் நாலைந்து பெண்கள். சாவு வீட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது. அது உங்களுக்குத் தெரியும். பவளமும் குளிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் சாவு வீட்டில் ஆடிய சீட்டு திரும்பி வீட்டுக்கு வரக்கூடாது. பிணம் எடுத்த பிறகு பந்தலிலேயே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் ஆற்றில் போட்டுவிடுவார்கள். ஆளைக் குளிப்பாட்டலாம், காகிதத்தை எப்படிக் குளிப்பாட்டுவது? கீழே போட்டுவிட்டு வா ஆத்தா என்று அந்தப் பெண்கள் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலுவுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்திருக்க வேண்டும். டவுனில் புதுக்கட்டு வாங்கித் தருகிறேன், எம்புட்டு வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பவளம் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நாம சைகோன் போயிரலாம்."

ஊருக்கு வந்த பிறகு அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

சரி போகலாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளை விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்று இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தவனுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? பேச்சி ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னால் போதும். சீட்டைத் தூக்கி எறி என்று சொன்னால் போதும். இந்த ஊர் உனக்குச் சரிப்படாது வாம்மா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பிவிடுவேன். பேச்சி அதைச் சொல்லட்டும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேச்சி திரும்பி உள்ளே போனாள். வரும்போது ஒரு கையில் மஞ்சள் கரைத்த தண்ணீர்ச் செம்பு, இன்னொரு கையில் அவளுடைய கல்யாணப் பட்டு. கொட்டில் பக்கத்தில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் பட்டை விரித்தாள்.

"பட்டுக்குத் தீட்டு இல்ல. ஒவ்வொண்ணாக் குடு, மஞ்சத் தண்ணி தொட்டுத் தொடச்சு இது மேல வச்சுருவோம்" என்றாள்.

"இப்படி ஒரு வழக்கம் எப்ப வந்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இன்னைக்கு வந்துச்சு" என்றாள் பேச்சி.

5

தல்லாகுளத்துப் புழுதி போக நான் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு நின்றேன். அவர்கள் இருவரும் கட்டிலின் இரு பக்கமும் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பவளம் ஒரு சீட்டைக் கொடுப்பாள். பேச்சி துணி நுனியை மஞ்சள் தண்ணீரில் தொட்டுப் பிழிந்து, படம் அழிந்துவிடாமல் ஒற்றி எடுத்து, பட்டின் மேல் காய வைப்பாள். ஒவ்வொன்றுக்கும் இது யார் என்று கேட்டாள். முதலில் பவளம் பதில் சொல்லவில்லை. பேச்சியும் விடாமல் கேட்டுக்கொண்டே துடைத்தாள்.

பணப்பெட்டிக் கிழவர் வந்தபோது பேச்சி அந்தச் சீட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "எங்க மாமனாரு மாதிரியே இருக்காரு. அவரும் இப்படித்தேன் பொட்டியக் கட்டிக்கிட்டுப் படுப்பாரு" என்றாள். பவளம் சிரித்துவிட்டாள். அவருக்கு ஒரு மகன் உண்டு, அவன் கட்டிக்க நினைக்கிற பெண்ணையே அவரும் கட்டிக்கொள்ளப் பார்ப்பார் என்று ஆரம்பித்தாள். அடப் பாவி மனுஷா என்றாள் பேச்சி. அப்புறம் என்ன ஆச்சு, அந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சு, சோத்துக்கு என்ன பண்ணுனாக என்று குறுக்கே குறுக்கே கேட்டாள். பதில் சொல்ல வேண்டியிருந்ததால் பவளத்தால் பிரெஞ்சுக்குள் ஓடிப்போக முடியவில்லை. தெரியாத வார்த்தைக்குத் திணறினால் பேச்சி எடுத்துக் கொடுத்தாள்.

எத்தனையோ நாள் அவள் முகத்தைப் பார்த்து நான் தோராயமாகச் சிரித்த கதைகள். அன்றைக்குத்தான் முதல்முதலாக அவற்றின் முடிவைக் கேட்டேன். கஞ்சக் கிழவருக்குக் கடைசியில் அவர் பெட்டி திரும்பக் கிடைத்துவிடுகிறது, அவருக்கு அது போதும். கடிதம் வைத்திருக்கும் பெண்ணுக்கு யாரும் வரவில்லை. பேச்சி அந்தச் சீட்டை மட்டும் துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

மாடு கறக்கிற நேரம் ஆனது. மீதி நாளைக்கு என்று பேச்சி எழுந்தாள். பவளம் செம்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள். சைகோன் போவதைப் பற்றி அவள் என்னிடம் மறுபடி பேசவே இல்லை.

என் தங்கைமீது அன்று எனக்குக் கோபம் வந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. தாயில்லாப் பிள்ளைக்குத் தன் கல்யாணப் பட்டை மாட்டுக் கொட்டிலில் விரித்தவள்மீது யாராவது கோபப்படுவார்களா? நான் பட்டேன். அவள் கொஞ்சம் பொல்லாதவளாக இருந்திருந்தால் என் மகள் என்னோடு வந்திருப்பாள்.

6

இவ்வளவையும் எழுதிவிட்டு நேற்று வந்த கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

முதல் வருடம் அவள் எழுதிய கடிதங்களில் பிரெஞ்சு வார்த்தைகள் நடுநடுவே இருக்கும். பள்ளிக்கூடத்தில் யாரும் அவளோடு பேசவில்லை என்று இருக்கும். பிறகு பிரெஞ்சு குறைந்துபோனது. பசு ஈன்றது, அத்தைக்கு முட்டுவலி, மாமா ஏலத்தில் வாங்கிய வண்டி மாடு முட்டுகிறது, தைப்பூசத்துக்குத் திருப்பரங்குன்றம் போய் வந்தோம் என்று கடிதம் நிறைய ஊர் வர ஆரம்பித்தது. இந்தக் கடிதத்தில் என் கேள்விக்குப் பதில் முதல் வரியோடு முடிந்துவிடுகிறது. நீங்க சொன்னா வாரேன் அப்பா. அதற்கடுத்த வரியிலிருந்து பக்கம் முடிகிற வரைக்கும் புதுக் கன்றுக்குட்டியைப் பற்றித்தான். அதற்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அவள் கையால் கொடுத்தால்தான் புல் தின்கிறதாம்.

நேற்று முதல் வரியை மட்டும்தான் படித்திருக்கிறேன் போலிருக்கிறது.

கொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு "போயிரலாம்" என்றவளுக்கு என் அனுமதி வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வீடு என்றால் அப்போது நான்தான். இப்போது நான் சொன்னால் வருவாள். சொன்ன சொல் தட்டாத பிள்ளை. பெட்டியைக் கட்டி, அத்தையிடம் அழாமல் விடைபெற்று, கப்பலேறி வந்து, நான் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எனக்கு மரியாதையாக இருப்பாள்.

இன்று காலையில் ராவுத்தர் கடையைத் திறந்துகொண்டே, ஆபீசுக்கு எப்போது கிளம்புகிறீர்கள் என்றார். நான் நினைத்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாரேன்னு பிள்ள எழுதியிருக்கு. நீங்க சும்மா எதையாச்சும் யோசிச்சுக்கிட்டுக் கெடக்காதீங்க தம்பி. இங்க உங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். நீங்கள் இருக்கிறீர்களே என்றேன். நான் இன்னும் எத்தனை நாளைக்கு என்றார். வயதும் ஆகிவிட்டது அவருக்கு. ஊருக்குப் போய் டவுனிலேயே கண்ணை மூட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறகு குடையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

7

போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன்.

ஆபீசில் கூட்டம் இல்லை. புதுச்சேரிக்காரர் என்னைப் பார்த்ததும் அட்டைக் கட்டிலிருந்து என்னுடையதை உருவி எடுத்தார். என்ன முடிவு செய்தீர்கள் என்றார். பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் உடனே எடுத்துவிடவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, மகள் அங்கே நன்றாக இருக்கிறாளா என்று கேட்டார். அந்த ஆபீசில் இத்தனை வருடத்தில் அட்டையில் இல்லாத ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நன்றாக இருக்கிறாள், ஒரு கன்றுக்குட்டி வளர்க்கிறாள் என்றேன்.

ஸ்கேலை வைத்துப் பவளத்தின் பெயர்மேல் நேராக ஒரு கோடு போட்டார். ஒற்றுத் தாளை வைத்து அழுத்தினார். பிறகு கீழே புதிதாக ஒரு வரி எழுதி, முத்திரை குத்தி, ஊதிக் காய வைத்து என் பக்கம் திருப்பினார். பிரெஞ்சு எனக்கு இன்றுவரை படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"தனியா இருக்கார்னு எழுதியிருக்கு. சரியான்னு பாத்துக்குங்க."

சரிதான் என்று சொல்லி, அவர் நீட்டிய மையில் விரலை வைத்தேன்.